230-ஆம் எண் அலமாரி

நூலகத்துக்கு வரும் புத்தகத்துக்கு எண் போடுவது சின்ன வேலை என்றுதான் பலரும் நினைப்பார்கள். முதுகில் ஒரு சீட்டு ஒட்டி, அட்டையில் பெயர் எழுதி, அலமாரியில் சொருகிவிட்டால் முடிந்தது என்று. முப்பத்தொரு வருடம் அந்த வேலையைத்தான் பார்த்தேன், அதுவும் ஓர் இறையியல் கல்லூரியில். கல்லூரியின் பெயர் வேண்டாம். அங்கே நான் கண்டதைச் சொன்னால் போதும்.

"இறையியல் கல்வியைக் காலனியப் பிடியிலிருந்து விடுவிப்பது" என்று இப்போது பல்கலைக்கழகங்களில் பேசுகிறார்கள், கருத்தரங்கு நடத்துகிறார்கள். ஆயர் மகன், உபதேசியார் பேரன் என்று இந்தப் பக்கத்தைப் படிக்கிறவர்களில் பலர் இருக்கிறீர்கள். 'இது படித்தவர்கள் சண்டை, நமக்கென்ன' என்று உங்களுக்குத் தோன்றலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அது ஏன் என்று இந்தப் பதிவில் சொல்கிறேன்.

நாங்கள் பயன்படுத்தியது டூவி தசமப் பகுப்பு முறை. மெல்வில் டூவி என்ற அமெரிக்கர் 1876-இல் வெளியிட்டது. உலகத்து அறிவையெல்லாம் பத்துப் பிரிவாகப் பிரித்து, சமயத்துக்கு 200 முதல் 299 வரை கொடுத்தார். அதில் 220 வேதாகமம், 230 கிறிஸ்தவக் கோட்பாடு, 270 திருச்சபை வரலாறு என்று 289 வரை ஏறக்குறைய எல்லாமே கிறிஸ்தவத்துக்கு. மிச்சமுள்ள பத்து எண்ணுக்குள் உலகத்தின் மற்ற எல்லாச் சமயங்களும் நெருக்கியடித்து உட்கார வேண்டும். பௌத்தத்துக்கு 294.3, இந்து சமயத்துக்கு 294.5, இஸ்லாத்துக்கு 297.

கிறிஸ்தவக் கல்லூரிக்கு இது வசதிதானே என்பீர்கள். வசதிதான். ஆனால் சங்கடம் வேறு இடத்தில் இருந்தது. எச்.ஏ. கிருஷ்ணபிள்ளையின் 'இரட்சணிய யாத்திரிகம்' நூலுக்கு என்ன எண் போடுவது? திருநெல்வேலிச் சீமையில் வைணவக் குடும்பத்தில் பிறந்து, கம்பனில் ஊறி, கிறிஸ்தவரானவர் அவர். பாவம், மனந்திரும்புதல், மீட்பு, நித்திய ஜீவன் எல்லாவற்றையும் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட செய்யுள்களில் பாடி 1894-இல் வெளியிட்டார். டூவி முறைப்படி அது தமிழ்ச் செய்யுள். ஆகவே 894.811, அதாவது இலக்கியப் பிரிவு. எங்கள் நூலகத்தில் அது மாடியில், ஜன்னல் ஓரத்து அலமாரி.

மாணவர்கள் கீழ்த்தளத்தில் 230-ஆம் எண் அலமாரியைச் சுற்றித்தான் இருப்பார்கள். அங்கே பார்த் இருந்தார், புருன்னர் இருந்தார், புல்ட்மன், டில்லிக் எல்லோரும் இருந்தார்கள். பெரிய மனிதர்கள், படிக்க வேண்டியவர்கள்தான். ஆனால் தமிழர் ஒருவர் கிறிஸ்துவைப் பற்றித் தமிழில் யோசித்ததைத் தேடினால் அந்த அலமாரியில் கிடைக்காது. அது மாடியில் 'இலக்கியம்'. தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரின் 'பெத்லகேம் குறவஞ்சி'யும் அங்கேதான். ஜெர்மானியர் எழுதினால் இறையியல், பாளையங்கோட்டைக்காரர் எழுதினால் பாட்டு. யாரும் கெட்ட எண்ணத்தில் இதைச் செய்யவில்லை. எண் அப்படி விழுந்தது. எண் விழுந்த இடத்தில் புத்தகம் நின்றது, புத்தகம் நின்ற இடத்தில் மாணவர்களின் எண்ணமும் நின்றது.

இது எப்படி வந்தது என்பதற்குக் கொஞ்சம் சரித்திரம் சொல்ல வேண்டும். 1857-இல் கல்கத்தா, பம்பாய், சென்னைப் பல்கலைக்கழகங்களை ஆங்கிலேய அரசாங்கம் தொடங்கியபோது இறையியலுக்கு அவற்றில் இடம் கொடுக்கவில்லை. இலண்டன் பல்கலைக்கழகத்தை மாதிரியாக வைத்து, சமயத்தில் கை வைக்காமல் ஒதுங்கிக்கொண்டார்கள். அதனால் இறையியல் பட்டம் வேறு வழியில் வந்தது. கல்கத்தாவுக்குப் பக்கத்தில் ஹூக்ளி நதிக்கரையில் செராம்பூர். அது டேனிஷ்காரர்களிடம் இருந்த ஊர். வில்லியம் கேரி, மார்ஷ்மேன், வார்டு மூவரும் 1818-இல் அங்கே கல்லூரி தொடங்கினார்கள். 1827-இல் டென்மார்க் அரசர் பட்டம் வழங்கும் உரிமையைச் சாசனமாகவே எழுதிக் கொடுத்தார். நம்முடைய தரங்கம்பாடியும் அதே அரசருக்குச் சொந்தம். 1845-இல் இரண்டு ஊரையும் சேர்த்துத்தான் ஆங்கிலேயருக்கு விற்றார்கள். கல்லூரியின் சாசனம் மட்டும் செல்லுபடியாக நீடித்தது. 1918-இல் வங்காளச் சட்டம் ஒன்றின் மூலம் செனட் அமைந்தது. இன்றும் இந்தியாவின் புராட்டஸ்டன்ட் இறையியல் கல்லூரிகள் பெரும்பாலும் அந்த செனட்டின் கீழ்தான் பட்டம் தருகின்றன.

நூற்றாண்டுக் கணக்கில் நமக்குப் பட்டம் கிடைக்க வழி செய்த ஏற்பாடு அது. குறை சொல்வதற்கில்லை. ஆனால் பட்டம் என்றால் ஆங்கிலம், ஊர் மொழியில் படித்தால் அதற்குக் கீழ்ப்பட்ட சான்றிதழ் என்பதுதான் நெடுங்காலம் நாட்டு வழக்கமாக இருந்தது. கிராமத்துச் சபையில் தமிழில் பிரசங்கம் செய்யப் போகிறவர் கடவுளைப் பற்றி ஆழமாக யோசிக்க வேண்டிய நேரத்தில் ஆங்கிலத்துக்குப் போய்விட வேண்டும். திரும்பி வரும்போது கையில் இருப்பது மொழிபெயர்ப்பு.

மதுரை அரசரடியில் 1969-இல் தமிழ்நாடு இறையியல் கல்லூரி தொடங்கியது இந்த இடத்தில் ஒரு பெரிய மாற்றம். இறையியலைத் தமிழிலேயே கற்பிப்பது, மாணவர்கள் வளாகத்துக்கு வெளியே சேரிகளிலும் கிராமங்களிலும் மக்களோடு தங்கிப் படிப்பது என்று ஆரம்பித்தார்கள். நான் அங்கே வேலை பார்த்தவன் அல்ல. ஆனால் அங்கிருந்தும் சென்னைக் கிறிஸ்தவ இலக்கியச் சங்கத்திலிருந்தும் வரும் தமிழ்ப் பாடநூல்களைப் பிரித்து எண் போடும்போது எனக்கு ஒரு தனி மகிழ்ச்சி. முதல் தடவையாக 230-ஆம் எண் அலமாரிக்குத் தமிழ் எழுத்து வந்தது.

தமிழில் படிப்பது என்றால் ஆங்கிலத்தில் உள்ளதைத் தமிழில் சொல்வது என்று பலர் நினைக்கிறார்கள். அது பாதிதான். ஓர் உதாரணம் சொல்கிறேன். கடவுளுக்கு என்ன பெயர்? சீகன்பால்கு காலத்தில் 'சர்வேசுரன்'. பப்ரிசியஸ் மொழிபெயர்ப்பில் 'பராபரன்'. 1871-இல் வந்த, நம் வீடுகளில் இன்றும் இருக்கும் பழைய மொழிபெயர்ப்பில் 'தேவன்'. பின்னால் வந்த திருத்தங்களில் 'கடவுள்'. ஒவ்வொரு மாற்றத்துக்கும் பின்னால் வருடக்கணக்கில் விவாதம். 'தேவன்' என்றால் பல தேவர்களில் ஒருவன் ஆகிவிடாதா, 'பராபரன்' சாமானியருக்குப் புரியுமா என்று நம் முன்னோர் மல்லுக்கட்டினார்கள். இது இறையியல் இல்லாமல் வேறென்ன? நான்காம் நூற்றாண்டில் நிசேயா சங்கத்தின் காலத்தில் கிரேக்கச் சொல்லில் ஓர் எழுத்துக்காக நடந்த சண்டையை எங்கள் மாணவர்கள் மனப்பாடமாகச் சொல்வார்கள். தங்கள் தாத்தாக்கள் ஒரு தமிழ்ச் சொல்லுக்காகப் போட்ட சண்டையைப் பற்றி அவர்களுக்கு ஒரு பக்கம் கூடப் பாடம் இல்லை.

இனி, இதில் யாருக்கு என்ன நஷ்டம் என்பதற்கு வருகிறேன். தொண்ணூறுகளில் ஒரு மாணவர் இருந்தார். கயத்தாறு பக்கம் ஒரு சின்னக் கிராமம். ஆய்வேட்டுக்கு அவர் எடுத்துக்கொண்டது ஒப்பாரி. தன் ஊரில் பதினான்கு பாட்டிமாரிடம் பாட்டுகளை எழுதி வாங்கி வந்திருந்தார். கிறிஸ்தவப் பாட்டிமார்தான். செத்தவரை விளித்துப் பாடுகிறார்கள், இயேசுவிடம் நேருக்கு நேராக நியாயம் கேட்கிறார்கள், உயிர்த்தெழுதலைப் பற்றியும் பாடுகிறார்கள். இவர்கள் நம்புவது என்ன, இவர்களுடைய துக்கத்தில் நம்பிக்கை எப்படி நிற்கிறது என்பதுதான் அவருடைய கேள்வி.

ஆய்வுக் குழுவில் கேட்ட முதல் கேள்வி, "ஆதார நூல்கள் எங்கே?" என்பது. பாட்டிமார் நூல் எழுதவில்லை. அவர் என்னிடம் ஓடி வந்தார். "சார், புத்தகம் ஏதாவது இருந்தா குடுங்க, இல்லாட்டி தலைப்பை மாத்தச் சொல்றாங்க." நானும் தேடிப் பார்த்தேன். ஒப்பாரி என்று போட்டால் 398, அதாவது நாட்டார் வழக்காறு. இறையியலில் ஒன்றும் இல்லை. சங்கீதப் புத்தகத்தில் மூன்றில் ஒரு பங்கு புலம்பல்தான் என்று சொல்லும் விளக்கவுரைகளை எடுத்துக் கொடுத்தேன். எரேமியா 9-ஆம் அதிகாரத்தில் புலம்பற்காரிகளைக் கூப்பிடச் சொல்லும் பகுதிக்கு இருந்த உரைகளையும் காட்டினேன். கடைசியில் என்ன நடந்தது தெரியுமா? ஆய்வேட்டின் தலைப்பு சங்கீதப் புலம்பல்கள் என்று மாறியது. மூன்று அதிகாரம் ஜெர்மானிய அறிஞர்கள். பதினான்கு பாட்டிமாரும் பின்னிணைப்புக்குப் போனார்கள். அவருக்குப் பட்டம் கிடைத்தது.

பல வருடம் கழித்து, அவர் ஆயராக இருந்த சேகரத்தில் எங்கள் உறவுக்காரர் ஒருவர் இறந்துபோனார். நான் போயிருந்தேன். நம் பக்கத்துத் துக்க வீட்டில் நடப்பது உங்களுக்குத் தெரியும். பெண்கள் கூடி உட்கார்ந்து பாடிக்கொண்டிருப்பார்கள். தெருமுனையில் வெள்ளை அங்கி தெரிந்ததும் ஒருத்தி சொல்வாள், "ஏட்டி, ஐயர் வந்துட்டாரு, நிறுத்துங்கட்டி." உடனே வாயை மூடிக்கொள்வார்கள். ஐயர் ஜெபம் பண்ணி, பாமாலையிலிருந்து ஒரு பாட்டுப் பாடிவிட்டுப் போன பிறகு மறுபடியும் ஒப்பாரி தொடங்கும். ஒப்பாரி அஞ்ஞான வழக்கம் என்று மிஷனரி காலத்திலிருந்து சொல்லிச் சொல்லி வந்த பழக்கம் இது. அன்றைக்கும் அப்படியே நிறுத்தினார்கள். இவர் வந்து அவர்களோடு தரையில் உட்கார்ந்தார். "பெரியம்மா, நிறுத்தாதீங்க. முடிச்சுட்டுச் சொல்லுங்க, அதுக்கப்புறம் நான் ஜெபிக்கேன்" என்றார். ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கொஞ்ச நேரம் யாரும் வாய் திறக்கவில்லை. பிறகு இறந்தவருடைய அக்கா ஆரம்பித்தார். எண்பது வயதுக்கு மேல் இருக்கும் அவருக்கு. ஐயர் முன்னால் அவர் பாடியது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை என்று பிறகு சொன்னார்கள்.

இறையியல் கல்வியில் எது பாடம், எது பின்னிணைப்பு என்பது பல்கலைக்கழக விவகாரம் மட்டும் அல்ல என்று நான் சொல்வது இதனால்தான். நம்முடைய அழுகை கடவுளுக்குக் கேட்கத் தக்கதா, இல்லையா என்று ஒரு கிழவி நினைப்பது அந்தப் பாடத்திட்டத்தில் போய் நிற்கிறது.

அதற்காக வெள்ளைக்காரர் புத்தகத்தையெல்லாம் எடைக்குப் போடு என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்கிறவர்கள் தரங்கம்பாடிச் சரித்திரத்தைப் படிக்க வேண்டும். 1706-இல் வந்து இறங்கிய சீகன்பால்கு இரண்டே வருடத்தில், தான் சேர்த்த தமிழ் ஏட்டுச் சுவடிகளுக்கு ஒரு பட்டியல் எழுதினார். நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ் நூல்கள். திருக்குறளும் உண்டு, சிவவாக்கியமும் உண்டு. ஒவ்வொன்றிலும் என்ன இருக்கிறது என்று குறிப்பு வேறு. ஒரு நூலகனாக அந்த மனிதருக்கு நான் கை கூப்புவேன். 1713-இல் தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி ஒரு பெரிய நூல் எழுதி ஜெர்மனிக்கு அனுப்பினார். அங்கே ஹாலே நகரத்துப் பெரியவர்கள் அதை அச்சிடவில்லை. அனுப்பியது அஞ்ஞானத்தை அழிக்க, ஐரோப்பாவில் பரப்ப அல்ல என்பது அவர்கள் எண்ணம். 1867-இல்தான் அது அச்சேறியது, அதுவும் சென்னையில். ஆசிரியர் 1719-லேயே இறந்துபோனார். இங்கே தமிழ் வாத்தியார்களிடம் உட்கார்ந்து கற்றுக்கொண்டவரும் வெள்ளைக்காரர்தான், அவர் கற்றதை அலமாரிக்குள் பூட்டியவர்களும் வெள்ளைக்காரர்கள்தான்.

அதுபோல, நம்மவர் எழுதினால் போதும், விடுதலை வந்துவிடும் என்பதும் சரியல்ல. சென்ற நூற்றாண்டின் முற்பகுதியில் செஞ்சையா, சக்கரை, பாளையங்கோட்டையில் பிறந்து பின்னால் கோயம்புத்தூர்ப் பேராயரான ஏ.ஜே. அப்பாசாமி ஆகியோர் இந்திய இறையியல் என்று துணிந்து எழுதினார்கள். அப்பாசாமி கிறிஸ்தவத்தைப் பக்தி மார்க்கமாகவே கண்டார். அருமையான எழுத்து. ஆனால் 1981-இல் பெங்களூர் ஐக்கிய இறையியல் கல்லூரியில் பேசிய அரவிந்த் நிர்மல் ஒரு கேள்வி எழுப்பினார். வேதாந்தத்தையும் உயர்சாதி மரபையும் மட்டும் இந்தியா என்று எடுத்துக்கொண்டால், சபையில் பெரும்பான்மையாக இருக்கும் தலித் மக்களின் அனுபவம் எங்கே? அதிலிருந்துதான் தலித் இறையியல் கிளம்பியது. கேள்வி நியாயமானது. நான் மாடியிலிருந்து கீழே கொண்டுவர ஆசைப்பட்ட வேதநாயக சாஸ்திரியாரே, சபையில் சாதி வேறுபாடு இருக்கத்தான் வேண்டும் என்று வாதாடியவர். அவருடைய பாட்டுக்கு மனம் கரையலாம். அதற்காக அந்த வாதத்தை மறைத்துவைக்கக் கூடாது.

அரசரடியில் ஆசிரியராக இருந்த தியோபிலஸ் அப்பாவு, பலருக்குப் 'பரட்டை அண்ணன்', இன்னொரு வழியில் போனார். கர்நாடக ராகக் கீர்த்தனையும் வேண்டாம், இங்கிலீஷ் பாமாலை ராகமும் வேண்டாம் என்று, நாட்டுப்புற மெட்டில் ஆராதனை முறையே எழுதினார். ஒரே உலையில் பொங்கி எல்லோரும் சேர்ந்து உண்பதை அவர் இறையியலாகவே பார்த்தார். நமக்கு இது விளங்காததா? நம் பக்கத்துக் கோயில்களில் அசனம் நடக்கிறதே! அரிசி கொடுத்தவன் யார், ஆடு கொடுத்தவன் யார் என்று பார்க்காமல் ஒரே பந்தியில் உட்காருகிறோம். அன்றைக்கு ஒரு நாள் உட்காருகிறவர்கள் மறுநாள் கல்யாணப் பேச்சில் ஏன் உட்கார முடியவில்லை என்று கேட்டால், அதுதான் நமக்கு வேண்டிய இறையியல் பாடம்.

என் பங்குக்கு நான் செய்தது கொஞ்சம்தான். டூவி எண்ணை மாற்ற எனக்கு அதிகாரம் இல்லை. சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1933-இல் வெளியிட்ட கோலன் பகுப்பு முறையில் கிறிஸ்தவம் ஆறாவது இடத்தில், இந்து, சமண, பௌத்த, யூத சமயங்களோடு ஒரே வரிசையில் நிற்கும். அதற்கு மாறலாமா என்று ஒரு தடவை கேட்டுப் பார்த்தேன். பல்லாயிரம் புத்தகத்துக்கு மறுபடி சீட்டு ஒட்டுவது யார் என்றார்கள். அதுவும் சரிதான். ஆகவே தச்சரிடம் சொல்லிப் புத்தக அளவில் இருபது மரக்கட்டைகள் செய்து வாங்கினேன். ஒவ்வொன்றின் முதுகிலும் ஒரு தமிழ் நூலின் பெயரை எழுதி, "மாடியில் 894.811-இல் காண்க" என்று ஒட்டி, 230-ஆம் எண் அலமாரியில் பார்த்துக்கும் டில்லிக்குக்கும் நடுவில் சொருகினேன்.

பேராசிரியர் ஒருவருக்குக் கோபம். "என்ன சார் இது, பாட்டுப் புத்தகமெல்லாம் இறையியலா?" என்றார். "சங்கீதப் புத்தகம் என்ன சார்?" என்று கேட்டேன். சிரித்துவிட்டுப் போனார். அடுத்த வாரம் அவரே 'இரட்சணிய யாத்திரிகம்' எடுத்துப் போனார். அதற்கு முன் நாலு வருடமாக அந்தப் புத்தகத்தின் தேதிச் சீட்டில் ஒரு முத்திரை கூட விழவில்லை. நான் ஓய்வு பெற்ற வருடம் சீட்டு நிறைந்து, இரண்டாவது சீட்டு ஒட்டியிருந்தோம்.

இப்போது எல்லாம் கணினி. அமெரிக்க நூலகங்களின் பதிவை அப்படியே இறக்கிக்கொள்கிறார்கள், எண்ணும் கூடவே வந்துவிடுகிறது. வேலை மிச்சம். ஆனால் அங்கே பதிவு இல்லாத தமிழ்ச் சிறுநூல்கள், பழைய சபை மலர்கள், உபதேசியார்களின் கையெழுத்துப் பிரதிகள் பெட்டிக்குள்ளேயே கிடக்கின்றன. மாணவர்களும் மேற்படிப்புக்கு வெளிநாடு போக ஆங்கிலம் வேண்டும் என்கிறார்கள். அவர்கள் மேல் எனக்கு வருத்தம் இல்லை, பிழைப்பு அப்படி. ஆனால் கருத்தரங்கில் காலனிய நீக்கம் என்று ஆங்கிலத்தில் கட்டுரை படிப்பவர், அந்தக் கட்டுரைக்கு ஆதாரமாகக் காட்டத் தமிழில் எதையாவது நாம் பத்திரமாக வைத்திருக்க வேண்டும் அல்லவா?

அதனால் உங்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பரணில் தாத்தாவின் பிரசங்க நோட்டு இருக்கலாம். பாட்டி எழுதிவைத்த கீர்த்தனை நோட்டு, வாசிப்புச் சங்க மலர், சபைக் கணக்குப் புத்தகம் எது வேண்டுமானாலும் இருக்கலாம். பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிடாதீர்கள். பக்கத்தில் உள்ள இறையியல் கல்லூரி நூலகத்தில் கொடுத்து, ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். யார் எழுதியது, எந்த ஊர், எந்த வருடம் என்று ஒரு தாளில் எழுதி உள்ளே வையுங்கள். நோட்டைப் பூச்சி அரித்திருந்தால் வேப்பிலை போட்டுத் துணியில் சுற்றிக் கொடுங்கள், தனியாக ஒரு பாலித்தீன் பையில் போட்டால் மற்ற புத்தகங்களுக்குப் பரவாது. ஒப்பாரி பாடத் தெரிந்த பெரியம்மா யாராவது இன்னும் இருந்தால், பேரப்பிள்ளையிடம் சொல்லி செல்போனில் பதிவு செய்து வையுங்கள். அவரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.